75 சதவீதம் என்றால் எத்தனை நாள்? தேனி மலையடிவாரத்துப் பள்ளிகளில் வருகைக் கணக்கு

ஒரு கல்வியாண்டில் 200 பள்ளி நாள் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். பொதுத்தேர்வு எழுத அளவுகோலாகச் சொல்லப்படும் 75 சதவீத வருகை வேண்டுமானால் 150 நாள் வந்திருக்க வேண்டும். மீதி 50 நாள் கையில் இருக்கிறதே, தாராளம்தான் என்று முதலில் தோன்றும். ஆனால் பள்ளி ஆண்டு என்பது ஏறக்குறைய 40 வாரம். வாரத்துக்கு ஒரே ஒரு நாள், திங்கட்கிழமை மட்டும் பிள்ளை வீட்டில் நின்றுகொண்டால் அதிலேயே 40 நாள் தீர்ந்துவிடும். மிச்சம் பத்து. ஒரு டெங்குக் காய்ச்சலுக்கு ஏழு நாள், தாய்மாமன் கல்யாணத்துக்கு இரண்டு நாள், குலதெய்வம் கும்பிட ஒரு நாள். அவ்வளவுதான், எல்லை தொட்டாயிற்று.

வருகை குறைந்த பிள்ளைகளின் பதிவேட்டைப் புரட்டினால் பெரும்பாலும் இந்தச் சில்லறை நாட்களே கண்ணில் படும். இரண்டு மாதம் நோயில் படுத்த பிள்ளைக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கும்; விஷயம் தலைமை ஆசிரியர் வரை தெரிந்திருக்கும். செவ்வாய் ஒன்று, வெள்ளி ஒன்று என்று சிதறிப்போன நாட்களுக்குக் காரணமும் யாருக்கும் நினைவிருக்காது, காகிதமும் இருக்காது. போடி, தேவாரம், கோம்பை, உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று மலையை ஒட்டிய ஊர்களில் பிள்ளையைப் படிக்கவைக்கும் பெற்றோரும், அங்கே புதிதாக வகுப்பாசிரியர் பொறுப்பு ஏற்பவரும் கவனிக்க வேண்டியது இந்தச் சில்லறை நாட்களைத்தான்.

பதிவேட்டில் என்ன இருக்கிறது

வருகை ஒரு நாளைக்கு இரண்டு முறை எடுக்கப்படும்: காலை ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. பல பள்ளிகளில் காலைக்கு ஒரு சாய்கோடு போடுவார்கள், மதியத்துக்கு அதை வெட்டி எதிர்ச் சாய்கோடு போடுவார்கள். முழு நாள் வந்த பிள்ளையின் கட்டத்தில் பெருக்கல் குறி விழும். ஒற்றைக் கோடு மட்டும் நின்றால் அரை நாள். இரண்டு அரை நாள் சேர்ந்தால் ஒரு நாள் போனதாகக் கணக்கு. மதியம் மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு நழுவும் பிள்ளையின் பெற்றோர், 'தினமும் பள்ளிக்கூடம் போறானே' என்றே சொல்வார்கள். அவன் பெயருக்கு நேராக ஒற்றைச் சாய்கோடுகள் வரிசையாக நிற்கும்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் காகிதப் பதிவேட்டோடு எமிஸ் என்கிற கல்வி மேலாண்மைத் தகவல் தளத்திலும் கைபேசிச் செயலி வழியாக வருகை ஏற்ற வேண்டும். குளறுபடி நடப்பது இந்த இரண்டுக்கும் நடுவில். செயலியில் காலையிலேயே பதிவு முடிந்துவிடும். அரை மணி பிந்தி வரும் பிள்ளைக்குக் காகிதத்தில் கோடு போட்டுவிட்டு, செயலியில் மாற்ற மறந்துபோவது வழக்கம். மாதக் கடைசியில் இரண்டும் ஒத்துப்போகாது. மாதம் முடிந்த அன்றே ஒவ்வொரு பெயருக்கும் வந்த நாள், வராத நாள் கூட்டி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் பத்து நிமிட வேலை. பிப்ரவரியில் எல்லா மாதத்துக்கும் சேர்த்துத் தேட உட்கார்ந்தால் அன்று என்ன நடந்தது என்று சொல்ல ஆள் இருக்காது.

குறுவட்ட விளையாட்டுப் போட்டி, என்.சி.சி. முகாம், அறிவியல் கண்காட்சி என்று பள்ளியே அனுப்பிவைத்த நாள் 'ஆன் டியூட்டி'. வராத நாளில் அது சேராது. ஆனால் அழைத்துப்போன உடற்கல்வி ஆசிரியர் பெயர்ப் பட்டியலை வகுப்பாசிரியரிடம் தராவிட்டால் அதுவும் ஆப்சென்ட் என்றே விழுந்துவிடும். போட்டிக்குப் போகும் பிள்ளை, திரும்பி வந்த மறுநாளே தன் கட்டத்தில் என்ன விழுந்திருக்கிறது என்று டீச்சரிடம் கேட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

எந்த விதி யாருக்கு

எட்டாம் வகுப்பு வரை ஒரு நிலை, ஒன்பதிலிருந்து வேறு நிலை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. அந்தச் சட்டம் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலை நாள் என்கிறது. வருகை குறைவு என்ற காரணம் காட்டி அந்த வயதுப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது. அடிப்பதும் மனம் நோகப் பேசுவதும் அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி தடை. 2019-ல் வந்த திருத்தம் 5, 8 வகுப்புகளில் பிள்ளையை நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு வழிவிட்டது. தமிழ்நாடு எட்டாம் வகுப்பு வரை எல்லோருக்கும் தேர்ச்சி என்பதையே தொடர்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைக்கு 14 வயது. கட்டாயக் கல்விச் சட்டத்தின் பிடி அங்கே விட்டுப்போகிறது. வருகை சதவீதம் கேட்கப்படுவதும் அந்த வயதில்தான். மலை வேலைக்குக் கூப்பிட ஆள் வருவதும் அந்த வயதில்தான். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தப்படி 14 வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் பிள்ளையை வைக்கக் கூடாது. வீட்டுத் தொழிலில் உதவுவதென்றாலும் பள்ளி நேரம் போக, இல்லையென்றால் விடுமுறையில்தான். 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் வேலைக்கு வைக்கத் தடை. இதைப் பெற்றோரிடம் மிரட்டலாகச் சொல்ல வேண்டாம். ஆனால் தெரியாமல் இருக்கவும் கூடாது.

சிபிஎஸ்இ பள்ளிகளில் 10, 12 வகுப்புத் தேர்வெழுத 75 சதவீதம் என்பது எழுத்தில் உள்ள விதி. கடும் நோய், தேசிய அளவிலான விளையாட்டு போன்ற காரணங்களுக்கு மீதி 25 சதவீதத்திலும் தளர்வு கேட்கலாம், ஆவணம் கட்டாயம். மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளிலும் 75-ஐத்தான் அளவுகோலாகச் சொல்வார்கள். அந்தந்த ஆண்டு அரசுத் தேர்வுகள் இயக்ககம் என்ன சொல்லியிருக்கிறது என்பதைத் தலைமை ஆசிரியரிடம் டிசம்பருக்கு முன் கேட்டுவிட வேண்டும். 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்பு மொழித்தாளுக்கு 50,000-க்கும் மேற்பட்டவர்கள் வராமல் போனது நினைவிருக்கும். வகுப்புக்கே வராத பிள்ளைகளின் பெயர் தேர்வர் பட்டியலில் எப்படி வந்தது என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்தது. ஹால் டிக்கெட் கிடைத்துவிடும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால் இங்கேதான் வந்து நிற்போம். ஹால் டிக்கெட் கையில் இருந்தாலும், ஆண்டு முழுக்கப் பாடம் கேட்காத பிள்ளைக்குத் தேர்வு அறைக்குள் போகவே கால் வராது.

மேல்நிலை வகுப்பில் வருகைக்கே மதிப்பெண் உண்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள 10 அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் 2 வருகைக்கு: 80 சதவீதத்துக்கு மேல் என்றால் இரண்டு, 75 முதல் 80 வரை ஒன்று, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. ஆறு பாடத்துக்கும் கூட்டினால் 12 மதிப்பெண். கட்-ஆஃபுக்கு அரை மதிப்பெண்ணுக்காக அலைகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

குறைந்ததை ஈடுகட்டும் கணக்கு

வராத நாளை மூன்றால் பெருக்குங்கள். அதிலிருந்து வந்த நாளைக் கழியுங்கள். வரும் விடைதான் 75-ஐத் தொட இனி விடாமல் வர வேண்டிய நாள்.

அக்டோபர் தொடக்கத்தில் 80 பள்ளி நாள் முடிந்திருக்கிறது, அதில் 30 நாள் பிள்ளை வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தது 50, சதவீதம் 62.5. மும்முப்பது 90, அதில் 50 போக 40. இன்னும் 40 நாள் ஒரு நாள்கூட விடாமல் வந்தால் 120-க்கு 90, சரியாக 75. அக்டோபரில் இது நடக்கக்கூடிய காரியம். அதே பிள்ளை இதே வேகத்தில் விட்டுக்கொண்டே போய் ஜனவரிக் கடைசியில் 160 நாளுக்கு 60 நாள் விட்டிருந்தால் 80 நாள் வேண்டும். பள்ளி நாள் மிஞ்சியிருப்பதே 40. ஒரு நாள் விட்டதைச் சரிக்கட்ட மூன்று நாள் வர வேண்டும் என்று பிள்ளைக்கே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டால் போதும். திட்டுவதைவிட இது நன்றாக ஏறுகிறது.

மலையும் எல்லையும்

இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் நிற்பதற்கு ஒரு காலமுறை உண்டு. ஆடி ஆவணியில் தொடங்கித் தை வரை ஏலக்காய்த் தோட்டங்களில் காயெடுப்பு. விடியுமுன்னே ஜீப்புகள் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகக் கேரளத்து இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்கு ஏறிவிடும். ஏழு மணிக்கு வீட்டில் பெரியவர்கள் இல்லை. சின்னவனை எழுப்பி, குளிப்பாட்டி, சோறு போட்டு அனுப்புவது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அக்காளின் வேலை. சின்னவனுக்குக் காய்ச்சல் என்றால் நிற்பதும் அவள்தான். பதிவேட்டில் ஆப்சென்ட் விழுவது அவள் பெயருக்கு. காய்ச்சல் அவளுக்கு இல்லை. இப்படிப்பட்ட வீட்டில் பிள்ளைக்குப் புத்தி சொல்வதால் ஒன்றும் ஆகாது. தம்பியை அங்கன்வாடியிலோ பக்கத்து வீட்டு அத்தையிடமோ விட ஒரு ஏற்பாடு வேண்டும். அதைப் பேச வேண்டியது அவள் அம்மாவிடம்.

மழையும் இரண்டு மாநிலத்துக்கும் ஒன்றல்ல. ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை இடுக்கியில் கொட்டும். ஆட்சியர் அங்கே விடுமுறை விடுவார். கம்பம் பள்ளத்தாக்கில் அன்று சாரலும் காற்றும்தான், பள்ளி உண்டு. குமுளிப் பக்கம் குடியிருந்துகொண்டு கீழே கூடலூரிலோ கம்பத்திலோ படிக்கும் பிள்ளை மண்சரிவால் இறங்க முடியாது. மேலே விடுமுறை, கீழே ஆப்சென்ட். அந்த நாளுக்கு மேலே விடுமுறை அறிவித்த செய்தியை எடுத்துவைத்து, மறுநாள் விடுப்பு விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுத்துவிட வேண்டும். சபரிமலை மண்டல, மகரவிளக்குக் காலத்தில், நவம்பர் பாதியிலிருந்து ஜனவரி பாதி வரை, மலைப்பாதையில் வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள், பஸ் பிந்தும். மாலை போட்ட பிள்ளை எந்தத் தேதியில் மலைக்குப் போகிறான் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதும் நல்லது.

மேலே, தேவிகுளம், பீர்மேடு பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தலைகீழ்ச் சிக்கல். பொங்கலுக்குத் தமிழ்நாட்டில் பல நாள் விடுமுறை. அங்கே ஒரு நாள்தான் உள்ளூர் விடுமுறை. போகிக்குச் சொந்த ஊர் இறங்கிக் காணும் பொங்கல் முடித்து ஏறினால் இரண்டு மூன்று நாள் விடுபடும். ஓணத்துக்குத் தோட்டம் மூடி அம்மா அப்பா வீட்டில் இருக்கும்போது, கீழே தமிழ்நாட்டுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையும் சேர்ந்து நின்றுவிடுவது இதன் இன்னொரு பக்கம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மாதத்தில் இரண்டு நாள் நின்றால் பத்து மாதத்துக்கு 20 நாள். மாதவிடாய் நாட்களில் வராததற்குப் பல நேரம் காரணம் கழிப்பறையில் தண்ணீர் இல்லாதது, நாப்கின் மாற்ற இடம் இல்லாதது. அரசுப் பள்ளிகளில் புதுயுகம் திட்டத்தில் நாப்கின் இலவசம். எந்த டீச்சரிடம் கேட்டு வாங்குவது என்று ஆறாம் வகுப்பிலேயே சொல்லிவைக்க வேண்டும். சடங்குக்கு நாள் பார்த்து வாரக்கணக்கில் வீட்டில் வைப்பதைவிட, விழாவைச் சனி ஞாயிறுக்குத் தள்ளிக்கொண்டு பிள்ளையை அனுப்பலாம்.

விடுப்பு விண்ணப்பம், சீட்டு

நான்கு விஷயம் இருந்தால் விண்ணப்பம் போதும்: பெயரும் வகுப்பும் பிரிவும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, உண்மையான காரணம், பெற்றோர் கையொப்பம். 'கடுமையான காய்ச்சலால் அவதிப்படுவதால்' என்று ஒரே வரியைப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் எழுதுவார்கள். அதை ஒத்துக்கொள்ள முடியாது. 'தம்பிக்கு அம்மை போட்டிருந்ததால் 14 முதல் 18 வரை வீட்டில் இருந்தேன்' என்று எழுதினால் அந்த வரியே வகுப்பாசிரியருக்கு அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்லிவிடும். பெற்றோருக்கு எழுதத் தெரியாவிட்டால் பிள்ளை எழுதிப் பெற்றோர் கைநாட்டு வைக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்று நாளுக்கு மேல் நோய் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்து ஓ.பி. சீட்டையோ மருத்துவச் சான்றையோ வைக்க வேண்டும். தளர்வு கேட்கும் நாளில் பேசப்போவது அந்தக் காகிதம்தான். சீட்டு வாங்குவதை ஜனவரிக்குத் தள்ளாதீர்கள். பழைய தேதிக்குச் சான்று தர நேர்மையான மருத்துவர் எவரும் ஒத்துக்கொள்ள மாட்டார். சீட்டைக் கைபேசியில் படம் எடுத்துவைத்துவிட்டு நகலைப் பள்ளியில் கொடுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.

மூன்றாம் நாள் போன்

வகுப்பாசிரியருக்குச் சொல்ல வேண்டியது இது. முதல் நாள் வராவிட்டால் பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளையிடம் கேளுங்கள். இரண்டாம் நாள் குறுஞ்செய்தி. மூன்றாம் நாள் கட்டாயம் போன். ஒரு வாரம் தாண்டிவிட்டால் பிள்ளைக்குத் திரும்பி வரவே கூச்சமாகிவிடும். பாடம் போயிருக்கும், எல்லோரும் பார்ப்பார்களே என்று இருக்கும்.

போனில் முதல் தடங்கல் எண். அப்பாவிடம் தமிழ்நாட்டு எண் ஒன்று, தோட்டத்துக்குக் கேரள எண் ஒன்று. பள்ளியில் பதிந்திருப்பது வீட்டு அலமாரியில் அணைந்து கிடக்கும். ஜூனிலேயே இரண்டு எண்ணையும், கூடவே ஜீப்பில் சேர்ந்து போகும் ஒருவரின் எண்ணையும் வாங்கிவையுங்கள். பகலில் தோட்டத்துக்குள் டவர் கிடைக்காது. சாயங்காலம் ஜீப் இறங்கியபின் கூப்பிட்டால் எடுப்பார்கள்.

பேச்சு எப்படித் தொடங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'ஏம்மா பிள்ளைய அனுப்பல?' என்றால் எதிர்முனையில் 'காய்ச்சல் டீச்சர்' என்று ஒரு சொல்லோடு முடிந்துவிடும்.

"அம்மா, ஒன்பதாம் வகுப்பு டீச்சர் பேசுறேன். பாப்பாவ மூணு நாளாக் காணோமேன்னு கூப்பிட்டேன். நல்லா இருக்காளா?"

"நல்லாத்தான் இருக்கா டீச்சர். சின்னவனுக்கு வயித்தாலே போகுது, நான் வெள்ளனே மலைக்கு வந்துர்றேன். வேற ஆள் இல்ல."

"சரிம்மா, அவனுக்கு எப்ப சரியாகும்? புதன்கிழமை அறிவியல் செய்முறை வச்சிருக்கேன், அன்னைக்கு மட்டும் மதியம் வரையாவது அவளை அனுப்ப முடியுமா பாருங்க."

குறிப்பான ஒரு நாள், குறிப்பான ஒரு பாடம். அதற்கு அம்மாவால் 'அனுப்புறேன்' என்று சொல்ல முடிகிறது. பதிவேட்டின் ஓரத்தில் அன்றைய தேதியும் பேசிய சுருக்கமும் எழுதிவையுங்கள்.

இரண்டு வாரம் தாண்டினால் நேரில் போக வேண்டும். தனியாகப் போகாமல் பள்ளி மேலாண்மைக் குழுவில் அந்தத் தெருவைச் சேர்ந்தவர் யாராவது இருந்தால் அழைத்துப் போங்கள். பிள்ளையை வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள், கல்யாணம் பேசுகிறார்கள் என்று தெரிந்தால் தாமதிக்காமல் 1098-க்குச் சொல்ல வேண்டும். கல்வி தொடர்பான சந்தேகங்களுக்கு 14417.

திரும்பி வந்த நாள்

லாங் ஆப்சென்ட் பிள்ளை வந்த அன்று வெளியே நிறுத்தினால் அந்தப் பீரியடும் போனது, அடுத்த வாரமும் போகும். விட்ட நோட்டை எல்லாம் எழுதி முடி என்பதும் உதவாது; இரவெல்லாம் எழுதுவான், ஒன்றும் ஏறாது. கணக்கில் விட்ட இயலின் முதல் பயிற்சியையும் எடுத்துக்காட்டுக் கணக்குகளையும் முதலில் பிடிக்கச் சொல்லுங்கள், அடுத்தது அதன்மேல்தான் நிற்கிறது. அறிவியலில் விட்டுப்போன செய்முறைகளைத் தனியாகக் குறித்துக்கொடுங்கள். பத்தாம் வகுப்பில் அறிவியலின் 100-ல் 25 செய்முறைக்கு. சமூக அறிவியலைப் புத்தகம் பார்த்தே பிடித்துவிடலாம். பத்து நாள் விட்டவனுக்கு, தினம் அரை மணி வீதம் இரண்டு வாரம் ஒரு துணை மாணவனை உட்காரவைத்தால் பெரும்பாலும் வகுப்போடு சேர்ந்துவிடுவான்.

குடும்பத்தோடு லயத்துக்குப் போகும்போது

காயெடுப்புக்கு மூன்று நான்கு மாதம் குடும்பமே தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், தங்குவதுண்டு. பிள்ளையைக் கூட்டிப்போய்விட்டு, தையில் வந்து 'திரும்பச் சேத்துக்குங்க' என்றால் 70 நாள் போயிருக்கும். இரண்டு வழி உண்டு. ஒன்று, பிள்ளையைக் கீழே அரசு மாணவர் விடுதியில் விடுவது. தங்க இடமும் சாப்பாடும் இலவசம், ஆனால் விண்ணப்பம் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில். புரட்டாசியில் ஓடினால் இடம் இருக்காது. மற்றது, மேலே தமிழ்வழிப் பள்ளியில் முறையாகச் சேர்ப்பது. கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி.யைத் தமிழ்வழியிலும் எழுதலாம். இருந்தாலும் பத்தாம் வகுப்பு நடுவில் மாநிலம் மாற்றாதீர்கள். பாடப்புத்தகமும் தேர்வு முறையும் வேறு.

மாற்றுவதென்றால் மாற்றுச் சான்றிதழோடு, அந்தத் தேதி வரை எத்தனை பள்ளி நாள், பிள்ளை வந்தது எத்தனை என்று தலைமை ஆசிரியர் கையொப்பமும் முத்திரையும் போட்ட ஒரு தாளையும் கேட்டு வாங்குங்கள். எட்டாம் வகுப்பு வரை, சான்றிதழ் வரத் தாமதம் என்று சொல்லி எந்தப் பள்ளியும் சேர்க்கையை மறுக்க முடியாது. ஒன்பதுக்கு மேல் கையில் சான்றிதழ் இல்லாமல் மலை ஏறாதீர்கள். கீழ்ப் பள்ளி எமிஸில் பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விடுவிக்காமல் இருந்தால், திரும்பி வரும்போது வேறு தமிழ்நாட்டுப் பள்ளி எதுவும் அந்தப் பெயரைத் தன் பட்டியலில் ஏற்ற முடியாமல் நிற்கும். மேலே சேர்க்கும் பள்ளி சம்பூர்ணா என்ற தன் மென்பொருளில் பதியும்போது பெயரின் எழுத்து, முதலெழுத்து, பிறந்த தேதி மூன்றும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று அந்த மேசைமுன் நின்றே பார்த்துவிடுங்கள். மலையாளத்தில் பெயர் எழுதும்போது ழ, ள மாறிப்போவது அடிக்கடி நடக்கிறது.